கியாரோஸ்குரோ என்று எப்போது எழுதலாம், எப்போது எழுதக்கூடாது?

ஒரு காட்சி இருட்டாக இருந்தால் போதும், ‘கியாரோஸ்குரோ ஒளியமைப்பு’ என்று எழுதிவிடுகிறோம். சினிமா விமர்சனம், புகைப்படக் கண்காட்சிக் குறிப்பு, ஓவிய வகுப்புப் பாடம் என்று எல்லா இடத்திலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. புழங்கட்டும், அருமையான சொல்தான். ஆனால் பொருள் தேய்ந்த பிறகு எவ்வளவு நல்ல சொல்லும் வெறும் அலங்காரமாகிவிடும். படித்தவருக்கு ஒன்றும் புரியாது. எழுதியவரும் படத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

விமர்சனம் எழுதுகிறவர்கள், ஓவியம் பயில்கிறவர்கள், கேமராவைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தப் பட்டியலை எழுதுகிறேன்.

முதலில் பொருள்

இத்தாலிய மொழியில் ‘கியாரோ’ வெளிச்சம், ‘ஓஸ்குரோ’ இருள். இரண்டும் சேர்ந்ததுதான் கியாரோஸ்குரோ. ஒளியையும் நிழலையும் அளவோடு பங்கிட்டு, தட்டையான தாளிலோ துணியிலோ திரையிலோ உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும் முறைக்கு இந்தப் பெயர். தமிழில் ‘ஒளிநிழல்’ என்று எழுதினால் போதும், யாருக்கும் விளங்கும்.

கலை வரலாற்றில் இந்தச் சொல்லுக்கு மூன்று வழக்குகள் உண்டு. முதலாவது, நிறம் பூசிய தாளில் வரையும் கோட்டுச் சித்திரம். அங்கே தாளின் நிறமே நடு டோன். நிழலுக்குக் கருமை, வெளிச்சத்துக்கு வெள்ளை, இந்த இரண்டை மட்டும் ஓவியர் சேர்ப்பார். ஆல்பிரெக்ட் டியூரர் 1508இல் நீலம் பூசிய தாளில் வரைந்த ‘கூப்பிய கைகள்’ இந்த வகை. வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரல் கணுக்களின் மேல் பட்டிருக்கும் அந்த மெல்லிய வெள்ளைத் தீற்றல்களை எடுத்துவிட்டால் கைகள் தாளோடு தட்டையாகிவிடும்.

இரண்டாவது, மரக்கட்டை அச்சு. கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு டோனுக்கும் ஒரு கட்டை என்று பல கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிட்டு ஒளிநிழலைக் கொண்டுவருவது. மூன்றாவதுதான் நாம் அதிகம் கேள்விப்படும் வழக்கு: எண்ணெய் ஓவியத்தில் ஒளியும் நிழலும் உருவத்தையும் முழுக் காட்சியின் அமைப்பையும் தீர்மானிப்பது. புகைப்படமும் சினிமாவும் சொல்லை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன.

செய்ய வேண்டியவை

1. ஒளி எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள்.

ரோமில் சான் லூயிஜி தெய் பிரான்செசி தேவாலயத்தின் கொன்டரெல்லி சிற்றாலயத்தில் காரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ இருக்கிறது. 1599–1600இல் வரைந்தது. வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காசு எண்ணுகிறார்கள். ஓவியத்திலேயே ஒரு ஜன்னல் உண்டு, ஆனால் அதன் வழியாக ஒளி வரவில்லை. வெளிச்சம் வலப்புறத்திலிருந்து, அழைக்க வந்து நிற்கும் இயேசுவின் தலைக்கு மேலாகச் சரிந்து, சுவரில் ஒரு சாய்கோடு போட்டு மத்தேயுவின் முகத்தில் விழுகிறது. சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அதே பக்கத்தில்தான். நேரில் நிற்பவருக்கு, கட்டடத்தின் வெளிச்சமே ஓவியத்துக்குள் நுழைந்தது போலிருக்கும். மேசையில் இரண்டு பேர் குனிந்து காசைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அழைப்பு அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒளியின் திசையைப் பிடித்துவிட்டால் கதையும் கைக்கு வந்துவிடுகிறது. எந்தப் படத்தைப் பற்றி எழுதினாலும் இங்கிருந்து தொடங்குங்கள்.

2. நடு டோன்களைக் கவனியுங்கள்.

ஒளிநிழலின் உயிர் வெள்ளையிலும் இல்லை, கருப்பிலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான சாம்பல் படிகளில் இருக்கிறது. ஒரு முட்டையை ஜன்னலோரம் மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் பளிச்சென்று ஒரு புள்ளி. அதைச் சுற்றி வெளிச்சப் பகுதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் நடு டோன். அதையும் தாண்டினால் நிழலின் அடர்ந்த பட்டை ஒன்று முட்டையின் வளைவை ஒட்டி ஓடும். முட்டையின் இருண்ட கோடிதான் மிகக் கருப்பாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அங்கே மேசையில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறி, அந்த அடர்ந்த பட்டையைவிடச் சற்று வெளிறியிருக்கும். முட்டை மேசையைத் தொடும் இடத்தில்தான் உச்சக் கருமை, மெல்லிய கோடாக. ஷேடிங் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அந்தத் திரும்பு ஒளியைத்தான். அதை விட்டால் முட்டை தகடாகிவிடும்.

3. பொருள்மேல் படியும் நிழலையும் பொருளிலிருந்து விழும் நிழலையும் பிரித்துச் சொல்லுங்கள்.

முட்டையின் ஒளிபடாத பக்கம் ஒரு நிழல். அது மேசைமேல் வீழ்த்துவது இன்னொரு நிழல். முதலாவது பொருளின் வடிவத்தைச் சொல்கிறது. இரண்டாவது, பொருள் எங்கே நிற்கிறது, பக்கத்தில் இருப்பதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்கிறது.

ரெம்ப்ராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் இணையப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கருப்பு உடையில் கேப்டன், பக்கத்தில் வெளிர் மஞ்சள் உடையில் துணைத் தளபதி. கேப்டன் பேசிக்கொண்டே இடக்கையை முன்னே நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல், விரல்கள் தெரிய, துணைத் தளபதியின் மஞ்சள் உடைமேல் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு நிழல். ஒளி மேலே இடப்பக்கத்திலிருந்து வருகிறது, கை நம்மை நோக்கி நீண்டிருக்கிறது, இருவரும் தோளோடு தோளாக நடக்கிறார்கள், ஆணை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது என்று அத்தனையையும் அது சொல்லிவிடுகிறது. ‘அற்புதமான ஒளிநிழல்’ என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட இந்த ஒரு கையின் நிழலை வாசகருக்குக் காட்டுவது மேல்.

4. நிழலின் ஓரத்தைப் பாருங்கள்.

ஓரம் கத்தி வெட்டியது போலிருக்கிறதா, கரைந்து போகிறதா? சிறிய விளக்கு கூர்மையான நிழலைத் தரும். மேகம் மூடிய வானம், வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல் போன்ற அகன்ற ஒளிமூலங்கள் ஓரத்தைக் கரைக்கும். பள்ளியில் கிரகணப் பாடத்தில் படித்த கருநிழலும் புறநிழலும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. ஒளிமூலம் அகலமானால் புறநிழல் அகலும், கருநிழல் சுருங்கும்.

லியோனார்டோ டாவின்சி தம் குறிப்பேடுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். முகத்தை வரைய மாலை நேரமோ மேகமூட்டமோ நல்லது என்றார். சுவருக்குக் கருமை தீட்டிய முற்றத்தின்மேல் துணிப்பந்தல் கட்டி, அதன் கீழே ஆளை உட்காரவைத்து வரையவும் யோசனை சொன்னார். நேர்வெயிலின் முரட்டு நிழல் முகத்தின் மென்மையைத் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

5. நிழல் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேலே வைத்தார். மார்லன் பிராண்டோவின் கண்குழிகள் நிழலில் ஆழ்ந்தன. உதவி கேட்டு வந்தவரை அவர் பார்க்கிறார். அவர் மனத்தில் ஓடுவதை நம்மால் படிக்க முடியவில்லை. வெளியே அதே நேரத்தில் கல்யாண வீடு வெயிலில் தகதகக்கிறது. உள்ளே நடப்பது வெளியே தெரியக்கூடாத வியாபாரம் என்று ஒளியே சொல்லிவிடுகிறது. ‘கண்களை மறைத்ததால் அதிகாரம் கூடியது’ என்று எழுதினால் வாசகருக்கு ஏதாவது கிடைக்கும். ‘இருள் சூழ்ந்த ஒளிப்பதிவு’ என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது.

6. பக்கத்துச் சொற்களை அதனதன் இடத்தில் வையுங்கள்.

ஸ்ஃபுமாட்டோ: புகைபோல ஓரங்கள் கரைவது. மோனலிசாவின் வாயோரமும் கண்ணோரமும் இதற்குச் சான்று. டெனெப்ரிசம்: படத்தின் பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தி, சில இடங்களில் மட்டும் பளீரென ஒளி பாய்ச்சுவது. காரவாஜியோவும், அவர் வழியில் வந்த ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கியும் இதில் பெயர்பெற்றவர்கள். ரெம்ப்ராண்ட் லைட்டிங்: முகத்தின் நிழல்பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, சிறிய முக்கோண வெளிச்சம் விழுவது. ஸ்டுடியோ போட்டோகிராபர்கள் தினமும் பயன்படுத்துவது. லோ கீ: நிழலைத் தணிக்கும் ஃபில் லைட்டைக் குறைத்து நிழலை ஆழமாக்குவது. முதன்மை விளக்கான கீ லைட் ஃபில்லைவிட மூன்று ஸ்டாப் கூடுதலாக இருந்தால் விகிதம் 8:1. சில்லவுட்: பின்னாலிருந்து ஒளி வந்து உருவம் கருப்பாக மட்டும் தெரிவது. இவற்றில் சில, ஒளிநிழலின் தீவிரமான வகைகள். சில, அதற்கு உதவும் உத்திகள். சில்லவுட் மட்டும் எதிர்த்துருவம், ஏனென்றால் அதில் உருவத்தின் திரட்சியே மறைந்துவிடுகிறது.

7. செய்து பாருங்கள்.

இரவில் அறையின் விளக்கையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு டேபிள் லேம்ப்பை ஒருவர் முகத்துக்குப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் வையுங்கள். மறுபக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை மெதுவாக அருகே கொண்டுபோங்கள். கருப்பாக இருந்த கன்னத்தில் வடிவம் எழுந்து வரும். தெர்மகோலை எடுத்துவிட்டு அதே இடத்தில் கருப்புத் துணியைப் பிடியுங்கள். கன்னம் மறுபடி அமிழ்ந்துவிடும். ஐந்து புத்தகம் படித்துப் புரியாததை இந்தப் பத்து நிமிடம் புரியவைக்கும். வரைகிறவர்கள் பழுப்புத் தாளில் கரித்துண்டையும் வெள்ளைச் சாக்கையும் மட்டும் வைத்து வரைந்து பழகலாம்.

செய்யக்கூடாதவை

1. இருட்டையெல்லாம் கியாரோஸ்குரோ என்று சொல்லாதீர்கள்.

வெளிச்சம் போதாமல் எடுத்த காட்சியும் இருட்டாகத்தான் இருக்கும். அதில் பங்கீடு இல்லை, பற்றாக்குறைதான் இருக்கிறது. ‘இரவுக் காவல்’ என்ற பெயரே இப்படி ஏமாந்து வந்ததுதான். ரெம்ப்ராண்ட் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. காலப்போக்கில் வார்னிஷும் அழுக்கும் படிந்து ஓவியம் கறுத்துப்போக, பார்த்தவர்கள் இரவுக்காட்சி என்று எண்ணிப் பெயர் வைத்தார்கள். 1940களில் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் தெரிந்தது. நானூறு ஆண்டுப் புகழ்பெற்ற ஓவியத்துக்கே இந்தக் கதி என்றால், திரையரங்கில் புரொஜெக்டரின் மங்கலை ஒளிப்பதிவாளரின் கலையாக நாம் எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

2. கருப்பு-வெள்ளைப் படத்துக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள்.

ஒளிநிழல் டோன் சம்பந்தப்பட்டது, வண்ணம் அதற்குத் தடையில்லை. காரவாஜியோவின் இருளிலிருந்து சிவப்புத் துணி எழும்பி வருவதை யாரும் மறக்க முடியாது. ஜார்ஜ் தெ லா தூர் வரைந்த ‘தச்சர் புனித யோசேப்பு’ லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறுவன் இயேசு மெழுகுவர்த்தியைப் பிடித்து, சுடரை மறுகையால் மறைக்கிறான். விரல்களுக்குள் ஊடுருவும் ஒளி சதையைச் செம்மையாகக் காட்டுகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’ (1975) வண்ணப்படம். நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைக் கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே அறைக்காட்சிகளை எடுத்தார் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்.

3. காரவாஜியோதான் கண்டுபிடித்தார் என்று எழுதாதீர்கள்.

அவர் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர். அவர் பிறந்தது 1571இல். லியோனார்டோ இறந்தது 1519இல். அதற்கும் வெகு முன்பே, கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸின் அப்பொலோடோரஸுக்கு ‘நிழல் தீட்டுபவர்’ என்றே பட்டப்பெயர் இருந்தது. மரக்கட்டை அச்சிலும் இதே கதைதான். 1516இல் ஊகோ டா கார்பி இது தமது புதுமுறை என்று சொல்லி வெனிஸ் ஆட்சியிடம் உரிமை கேட்டார். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் ஹான்ஸ் புர்க்மாயரும் லூக்காஸ் கிரானாக்கும் டோன் கட்டைகளை வைத்து அச்சிட்டிருந்தார்கள். ‘முதன்முதலில்’ என்று எழுதும் முன் நிதானியுங்கள்.

4. பாதி முகம் இருட்டென்றால் இரட்டை மனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

விமர்சனங்களில் தேய்ந்துபோன வாய்ப்பாடு இது. பாதி முகத்தில் நிழல் விழ ஆயிரம் காரணம் உண்டு. அறையில் ஒரே ஜன்னல் இருக்கலாம். மூக்கையும் தாடையையும் எடுப்பாகக் காட்ட ஒளிப்பதிவாளர் விரும்பியிருக்கலாம். எதிரே இருப்பவர் வெளிச்சத்தில் இருப்பதால் இவர் நிழலில் இருக்கலாம். அடுத்தடுத்த காட்சிகளில் அந்த நிழல் மாறுகிறதா, எப்போது மாறுகிறது என்று பின்தொடர்ந்த பிறகு பொருள் சொல்லுங்கள்.

5. தீட்டிய நிழலையும் விழுந்த நிழலையும் குழப்பாதீர்கள்.

‘டாக்டர் கலிகாரியின் அறை’ (1920) என்ற ஜெர்மன் படத்தில் சுவரிலும் தரையிலும் தெரியும் நிழல்களில் பல, செட்டின்மேல் பெயின்ட்டால் தீட்டியவை. விளக்கு இருக்கும் திசைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பைத்தியக்கார உலகைக் காட்டத் தேர்ந்த உத்தி அது. அந்தப் பெருமை அதற்குத் தனியே உண்டு. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தில் படிக்கட்டுச் சுவரில் ஏறும் ரத்தக்காட்டேரியின் நிழல், விளக்கு வைத்து வீழ்த்தியது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுக்கும் அநியாயம்.

6. எல்லா மரபின்மேலும் இந்தச் சொல்லை ஒட்டாதீர்கள்.

அஜந்தாச் சுவரோவியங்களில் மூக்கும் கன்னமும் திரண்டு தெரிகின்றன. ஆனால் ஒரே திசையிலிருந்து ஒளி வந்து அந்தத் திரட்சி உண்டாகவில்லை. விளிம்பில் நிறத்தை அடர்த்தி, நடுவில் வெளிறவிட்டு உருவத்தை எழுப்பும் வேறொரு வழி அது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி இதை ‘வர்த்தனா’ என்று சொல்லி மூன்று வகை பிரிக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் சாமியின் உடல் விளிம்பில் ஓடும் சாயையும் அந்த வழியில் பார்க்க வேண்டியது. அதில் விழும் நிழலைத் தேடிக் குறை சொல்லக்கூடாது.

சினிமாவிலும் அப்படியே. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் (1956) காசியின் முற்றம் வைத்த வீட்டை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் மோதவிட்டுத் திருப்பினார். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் ஒளிக்குத் திட்டமான நிழல் கிடையாது என்பதால்தான் அப்படிச் செய்தார். நிழலைத் தவிர்த்ததும் ஒளியை அறிந்தவரின் வேலைதான்.

அதே நேரம், தமிழ் சினிமாவில் ஒளிநிழலைப் பேச நமக்கு எடுத்துக்காட்டுப் பஞ்சமில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) கொலை விசாரணைக் கதையின் சந்தேகத்தை லோ கீ ஒளியில் வளர்க்கிறது. ‘நாயகன்’ (1987) படத்துக்காக பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்சி காட்சியாக ஒளியின் திசையைக் குறித்து எழுதினால், அடுத்து வருகிற மாணவர்களுக்குப் பாடநூலாகும்.

7. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எடுக்காதீர்கள்.

தட்டையான ஒளியில் எடுத்துவிட்டு, போன் ஆப்பிலோ படத்தின் நிறத்தைச் சீரமைக்கும் டிஐ மேசையிலோ கருமையை அழுத்தினால் ஒளிநிழல் வந்துவிடாது. காண்ட்ராஸ்ட் கூடும், அவ்வளவுதான். ஒளி வந்த திசையை எந்த ஸ்லைடரும் முழுமையாக மாற்றாது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை படிகள். எல்லா நிறமும் 0இல் போய் முட்டிய இடத்தில் எந்த விவரமும் மிச்சமிருக்காது. நிழலுக்குள் சேலையின் மடிப்போ சுவரின் காரையோ லேசாகத் தெரியும்படி ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷர் வையுங்கள். முழுக் கருப்பு வேண்டும் என்று நீங்களே தீர்மானித்த இடம் மட்டும் முழுக் கருப்பாக இருக்கட்டும்.

8. ‘சியாரோஸ்குரோ’ என்று எழுதாதீர்கள்.

இத்தாலிய எழுத்துமுறையில் அந்த முதல் ஒலி ‘கி’தான். கியாரோஸ்குரோ என்று எழுதுவதே சரி. வாசகர் பரப்பு பெரிதென்றால் முதல்முறை கியாரோஸ்குரோ என்று எழுதி, அடுத்த வரியிலிருந்து ஒளிநிழல் என்று தொடருங்கள்.

எழுதும் முன் மூன்று கேள்வி

இந்தச் சொல்லை எழுதக் கை போகும்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது? வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவே படிகள் இருக்கின்றனவா? இந்த நிழலை எடுத்துவிட்டால் படம் எதை இழக்கும்? மூன்றுக்கும் விடை இருந்தால் தைரியமாக எழுதுங்கள், விடைகளையும் சேர்த்து எழுதுங்கள். விடை இல்லையென்றால் ‘இருட்டான காட்சி’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. ஒளிப்பதிவாளரும் ஓவியரும் ஒரு நிழலை வைக்க மணிக்கணக்காக உழைக்கிறார்கள். அது எங்கே, எதற்காக விழுந்தது என்று பார்த்துச் சொல்வதுதான் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.